உள்ளத்துப் பிணியும் முன்னோர் கண்ட மருந்தும்

காய்ச்சலோ வயிற்றுவலியோ கண்டால் அண்டை வீட்டாரிடம் கைமருந்து கேட்க நாம் தயங்குவதில்லை. ஆயின் குடும்பத்தில் ஒருவர் காரணமின்றி அழுதாலும், நாட்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் சுவரை நோக்கி அமர்ந்திருந்தாலும், அதனை வெளியே சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஷைத்தானின் வேலை என்பார் சிலர். செய்வினை என்பார் சிலர். ஈமானில் குறைவு என்று கூறி, நோயுற்றவரையே குற்றவாளியாக்கி விடுவாரும் உளர். பெண் கேட்டு வருவோர் செவிக்கு எட்டிவிடுமோ என்ற அச்சத்தில் கதவடைத்து வைக்கப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான்.

நம் மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இந்த வெட்கம் வியப்பளிக்கும். உள்ளத்தின் நோயும் நோயே, அதற்கும் மருந்து உண்டு, அம்மருந்துக்கும் அளவு உண்டு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர்கள் முஸ்லிம் மருத்துவர்கள். அவர்கள் கையாண்ட மூலிகைகளின் பெயர்கள் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன. கருஞ்சீரகத்தையும் தேனையும் நாம் மறக்கவில்லை. அவற்றோடு அவர்கள் இணைத்து வைத்திருந்த சோதனையையும், அளவையும், நோயாளியின் மீது காட்டிய கவனத்தையுமே மறந்துவிட்டோம். இம்மறதியால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துயரத்துக்கு ஒரு கஞ்சி

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்து வழக்கம் ஒன்று புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. உறவினர் எவரேனும் இறந்தால் பெண்கள் கூடுவர். பின்னர் கலைந்து செல்வர். குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், அன்னையவர்கள் ஒரு பானையில் 'தல்பீனா' காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்ட 'ஸரீத்' உணவின் மீது அதனை ஊற்றி, வந்திருக்கும் பெண்களை உண்ணச் செய்வார்கள். நோயுற்றவரின் உள்ளத்துக்கு அது இதமளிக்கும் என்றும், துயரத்தில் ஒரு பகுதியை அகற்றும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அன்னையவர்கள் அறிவித்துள்ளார்கள்.

தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் கஞ்சி. பார்லி என்று நாம் கடையில் வாங்குவது இத்தானியமே. பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து, அதன் வெண்மையும் குழைவும் கருதி, இப்பெயர் வந்தது. சிலர் தேன் கலப்பதும் உண்டு.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு. துயரம் உடலையும் தளர்விக்கும், உடலுக்கு ஊட்டினால் துயரம் சற்றுக் குறையும் என்ற உண்மை இதில் அடங்கியுள்ளது. துயரத்தில் ஒரு பகுதி என்று அளவிட்டுச் சொன்னதும் கருதத்தக்கது. முழுத் துயரத்தையும் ஒரு கிண்ணக் கஞ்சி போக்கிவிடும் என்று அங்கே சொல்லப்படவில்லை. மருந்தின் எல்லையை உணர்ந்து உரைத்த இந்த அடக்கம், பின்னாளில் மூலிகையின் பெயரால் மிகைப்படப் பேசுவோர்க்கு அமையாது போயிற்று.

பல்குப் பேரறிஞர்

இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் வடக்கே பல்கு என்னும் தொன்னகரம் உள்ளது. அதனை அடுத்த ஷாமிஸ்தியான் என்ற சிற்றூரில் ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிறந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. இளமையில் பக்தாது சென்று, அரபுத் தத்துவப் பேராசான் அல்-கிந்தியிடம் பயின்றார். பின்னர் ஊர் திரும்பி, நிலவியல் முதல் மார்க்கம் வரை பல துறைகளில் நூல்கள் இயற்றி, 934-ல் மறைந்தார்.

உலகப் படங்கள் வரைந்த நிலவியல் அறிஞராகவே அவரை நெடுநாள் வரலாறு நினைவில் வைத்திருந்தது. ஆயின் இஸ்தான்புல் நகரில் அயா ஸோஃபியா சுவடித் தொகுப்பில் அவருடைய மருத்துவ நூல் ஒன்று இருந்தது. 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்பது பொருள். ஃபுவாத் ஸெஸ்கின் என்னும் துருக்கிப் பேரறிஞர் 1984-ல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரிலிருந்து அச்சுவடியை அப்படியே நிழற்படமாக்கி வெளியிட்டார். உள்ளம் பற்றிய அதன் பகுதியை சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தது 2013-ல்.

நூலின் முதற்பாகம் உடலைப் பற்றியது. உறைவிடம், காற்று, நீர், உணவு, உறக்கம், நீராடல், உடற்பயிற்சி எனப் பலவும் அங்கே வருகின்றன. இரண்டாம் பாகம் எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பேசுகிறது. சினம், அச்சம், துயரம், திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் 'வஸ்வாஸ்' எண்ணங்கள் என நான்கு துன்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் இயல்பையும் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அல்-பல்கீ விவரிக்கிறார். உடல்நோய் ஏதும் அறியாமல் வாழ்நாளைக் கழிப்போர் உண்டு. ஆயின் கவலையும் அச்சமும் சினமும் தீண்டாத மனிதரே இல்லை என்கிறார். அவ்வாறிருந்தும் மருத்துவர்கள் தம் நூல்களில் இவற்றைச் சேர்ப்பதில்லையே என்று வருந்துகிறார். உடலும் உள்ளமும் இணைந்த ஒன்றே மனிதன். ஒன்று நோயுற்றால் மற்றதும் வாடும் என்பது அவருடைய அடிப்படை.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். உற்றாரை இழத்தல், பொருளை இழத்தல் போன்ற வெளிப்படையான காரணத்தால் வருவது ஒன்று. காரணம் எதுவென்று நோயாளிக்கே தெரியாமல் வந்து கவிவது மற்றொன்று. முன்னதற்கு நல்லுரையும் சிந்தனையும் துணையாகும். பின்னது உடலிலிருந்தே, குருதியின் நிலை மாறுவதால் எழுவது. ஆகவே அதற்கு உடலுக்குரிய மருந்தும் வேண்டும் என்றார். குருதி பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கோட்பாடு இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும், காரணமற்ற சோர்வு மன உறுதியின்மையால் வருவதன்று, உடலோடு தொடர்புடைய நோய் என்ற அவருடைய பிரிவினை, 'உனக்கு என்ன குறை, ஏன் அழுகிறாய்?' என்று கேட்டு நோயாளியைப் புண்படுத்தும் எல்லா வீட்டாருக்கும் இன்றும் தேவைப்படுகிறது.

அவர் சொல்லும் உபாயம் ஒன்று இல்லத்தரசிகளுக்கு எளிதில் விளங்கும். அறிவுள்ள குடும்பத்தினர் திடீரென்று வரும் நோய்க்கென வீட்டில் சில மருந்துகளைச் சேமித்து வைப்பதில்லையா? அதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் காலத்தில் நல்ல சிந்தனைகளைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கலக்கம் வரும்போது அவற்றை எடுத்து மருந்தாகக் கொள்ள வேண்டும் என்கிறார். வஸ்வாஸ் எண்ணங்களால் வாடுவோர் தனித்திருத்தல் ஆகாது, மனிதரோடு கலந்திருக்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. நோயாளியை அறைக்குள் அடைக்கும் நம் வழக்கத்துக்கு இது நேர் மாறானது.

இப்னு ஸீனாவின் இதய மருந்துகள்

அல்-பல்கீ சிந்தனையால் உள்ளத்தைத் தணிக்க வழி கண்டார் என்றால், மூலிகையால் மகிழ்வூட்டும் வழியைத் தனி நூலாக்கியவர் இப்னு ஸீனா (980–1037). ஈரானின் ஹமதான் நகருக்கு அவர் வந்த தொடக்கக் காலத்தில் இயற்றிய சிறுநூல் 'அல்-அத்வியத்துல் கல்பிய்யா', அதாவது இதயத்துக்குரிய மருந்துகள். உயிராற்றல் இதயத்தில் பிறக்கிறது. அது நிறைந்தும் தெளிந்தும் இருந்தால் மனிதன் மகிழ்ச்சிக்கு எளிதில் ஆட்படுவான். குறைந்தோ கலங்கியோ இருந்தால் துயரத்துக்கு ஆட்படுவான் என்பது அந்நூலின் கொள்கை. நோயிலிருந்து மீண்டவர்களும் முதியவர்களும் எளிதில் மனம் தளர்வதற்கு இதுவே காரணம் என்று அவர் விளக்கினார்.

உள்ளத்தைக் களிப்பூட்டும் மருந்துகளுக்கு 'முஃபர்ரிஹ்' என்று பெயர். குங்குமப்பூ, ரோஜா, சந்தனம், அகில், எலுமிச்சை மணமுள்ள பாத்ரஞ்சபூயா இலை ஆகியன இவ்வகையில் பேசப்படுகின்றன. 'லிஸானுத் தவ்ர்' என்பதும் அவற்றுள் ஒன்று. காளையின் நாக்கு என்பது அதன் பொருள். சொரசொரப்பான இலையைக் கண்டு வைத்த பெயர் அது. பாரசீகத்தில் அதுவே 'காவ்ஜபான்' ஆயிற்று. யூனானி மருந்துக் கடைகளில் இன்றும் விற்கும் 'கமீரா காவ்ஜபான்' இந்த மரபின் வழிவந்ததே. ஸ்பெயின் தேசத்து மருத்துவர் வில்லனோவா ஊர் அர்னால்டு இந்நூலை இலத்தீனில் மொழிபெயர்த்ததால், ஐரோப்பிய மருத்துவர்களும் இதைக் கற்றனர்.

இந்த மருந்துப் பெட்டகத்தில் நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. திரிபலா என்னும் முப்பழக் கலவை அரபு மருத்துவத்தில் 'இத்ரீஃபல்' ஆயிற்று. கருந்துயரம் எனப்பட்ட 'மாலிகூலியா' நோய்க்குக் கொடுத்த மருந்துகளில் கடுக்காய்க்குத் தனியிடம் உண்டு. புளிக்கு அரபியர் வைத்த பெயர் 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. கப்பலேறிச் சென்ற இச்சரக்குகளோடு அவற்றின் பயன் பற்றிய அறிவும் கடல் கடந்தது.

மூலிகைகளைப் பட்டியலிட்டதோடு இப்னு ஸீனா நின்றிருந்தால், அவர் எத்தனையோ வைத்தியர்களுள் ஒருவராகவே இருந்திருப்பார். தம் 'அல்-கானூன்' பெருநூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை அவர் வகுத்தார். மருந்து, சூடேற்றியது அல்லது குளிர்வித்தது போன்ற புறத்தன்மை ஏதும் ஏறாமல் இயல்பாக இருக்க வேண்டும். பல நோய்கள் கலந்த நோயாளியிடம் சோதிக்காமல், ஒரே நோயுடையவரிடம் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான நோய்களில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயின் வலிமைக்கு ஏற்ப மருந்தின் வலிமை இருக்க வேண்டும். மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை நேரத்தில் பயன் தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். அப்பயன் எப்போதுமோ, பெரும்பாலுமோ நிகழ வேண்டும். இல்லையேல் அது தற்செயல். இறுதியாக, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். சிங்கத்தின் மீதோ குதிரையின் மீதோ கண்ட பயன் மனிதனுக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

'என் மாமியாருக்குக் கொடுத்தேன், கேட்டது. நீயும் கொடு' என்று கைமருந்து சொல்லும் நாம், அந்த ஆறாவது நிபந்தனையை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்க்க அறிஞர்களும் இதே நிதானத்தைக் காட்டினர். மரணம் தவிர்த்த எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென்று வரும் ஹதீஸை, ஹதீஸ் விரிவுரையாளர் இமாம் அல்-கத்தாபி (மறைவு 998) விளக்கும்போது, சொல் பொதுவாயினும் கருத்து குறிப்பிட்ட வகை நோய்களைச் சுட்டுவது என்றார். எல்லா நோய்க்கும் எதிரான குணங்கள் ஒரே செடியில் அமைவது இயற்கையன்று என்பது அவர் கூறிய காரணம். இன்று கருஞ்சீரகத்தைக் காட்டி நீரிழிவு மாத்திரையை நிறுத்தச் சொல்வோர், இந்த விளக்கத்தைக் கேட்டறியாதவர்கள்.

மருத்துவமனையும் சங்கிலியும்

நூலில் எழுதிய கொள்கை நோயாளியைச் சென்றடைய வேண்டுமானால் அதற்கு இடமும் பொருளும் வேண்டும். 'பீமாரிஸ்தான்' எனப்பட்ட மருத்துவமனைகளும், அவற்றை வாழ்வித்த வக்ஃபுச் சொத்துகளும் அதற்காகவே எழுந்தன. எகிப்தில் அஹ்மத் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154-ல் ஒன்றை எழுப்பினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் எழுப்பியது அக்காலத்தின் மிகப் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று.

துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனை 1488-ல் நிறைவுற்றது. மையத்தில் நீரூற்றும் அதைச் சுற்றி நோயாளர் அறைகளும் அமைந்த கட்டடம் அது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஒளலியா செலபி என்னும் பயணி, வாரத்தில் மூன்று நாட்கள் இசைக் கலைஞர்கள் வந்து நோயாளருக்கு இசைத்ததையும், வசந்த காலத்தில் நறுமண மலர்களை அவர்கள் கையில் கொடுத்து முகரச் செய்ததையும் எழுதியுள்ளார். அக்கட்டடம் இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவ்வளவும் உண்மை. ஆயின் பெருமை பேசும் ஆர்வத்தில் வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் அறமாகாது. ஸ்பெயினிலிருந்து வந்த ஹாஜி இப்னு ஜுபைர் 1184-ல் டமாஸ்கஸ் மருத்துவமனையைக் கண்டார். அதன் அன்றாடச் செலவு ஏறத்தாழ 15 தீனார். ஒவ்வொரு நோயாளியின் பெயரும், அவருக்கு வேண்டிய மருந்தும் உணவும் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தன. நாள்தோறும் அதிகாலையில் மருத்துவர்கள் வந்து நோயாளரைப் பார்வையிட்டனர். மனநோயாளருக்கும் ஒரு வகைச் சிகிச்சை இருந்தது. அவர்கள் சங்கிலியாலும் கட்டப்பட்டிருந்தனர். இரண்டையும் அவர் எழுதி வைத்தார். கொந்தளிக்கும் நோயாளியைத் தணிக்கும் மருந்து கையில் இல்லாத காலத்தில், உலகெங்கும் கையாண்ட வழி அது. டமாஸ்கஸில் சங்கிலியோடு மருத்துவரும் இருந்தார், மருந்தும் இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

மருந்து போய்ச் சங்கிலி மட்டும் எஞ்சினால் என்னவாகும்? அதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. கிரனாதாவில் பிறந்து, பின்னாளில் ஐரோப்பாவில் லியோ ஆப்பிரிக்கானுஸ் என்று பெயர் பெற்ற ஹஸன் அல்-வஸ்ஸான், இளமையில் மொரோக்கோவின் ஃபெஸ் நகர மருத்துவமனையில் ஈராண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவர். ஒரு காலத்தில் செல்வச் செழிப்போடு விளங்கிய அந்நகரத்து மருத்துவமனைகளின் சொத்துகளை, போர்ச் செலவுக்குப் பணம் தேடிய மன்னர் ஒருவர் விற்றுவிட்டார் என்று அவர் எழுதுகிறார். அதன்பின் நோயாளருக்குக் கிடைத்தவை படுக்கையும் உணவுமே. மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. மனநோயாளர் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தனர். வக்ஃபு அழிந்தபோது கருணையும் அழிந்தது.

மதுரையில் இரு நிகழ்ச்சிகள்

இயற்கை மருந்து என்றாலே தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. இதற்கு மறுமொழி தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையில் சுல்தான்கள் ஆண்ட 1340-களில், உலகப் பயணி இப்னு பதூதா அங்கே தங்கினார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியும் அவரும் ஒரே குடும்பத்தில் பெண்ணெடுத்தவர்கள்.

யோகி ஒருவர் சுல்தானுக்கு உடல்வலிமை பெருகுமென்று மாத்திரைகள் செய்து கொடுத்தார். அவற்றில் இரும்புத் தூள் கலந்திருந்தது. பயன் கண்ட மகிழ்ச்சியில் சுல்தான் அளவுக்கு மீறி உண்டார்; நோயுற்றார். அந்நிலையில் மதுரை திரும்பிய அவர் சில காலத்தில் மாண்டார். அப்போது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. இப்னு பதூதாவையும் கொடிய காய்ச்சல் பற்றியது. பிழைக்க மாட்டோம் என்றே அவர் எண்ணினார். அந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியின் நினைவை இறைவன் தம் உள்ளத்தில் தோற்றுவித்ததாக அவர் எழுதுகிறார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு கழிந்தது; காய்ச்சல் நீங்கிற்று.

ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் தம் மருந்தால் நோயுற்றார், மற்றவர் பிழைத்தார். பிழைத்தவர் கண்டதைக்கூட எல்லாக் காய்ச்சலுக்கும் மருந்தென்று கொள்வதற்கில்லை. உடல் தளர்ந்த வேறொருவரை அந்த வயிற்றுப்போக்கே கொன்றிருக்கும். இப்னு ஸீனா தற்செயலைப் பற்றி எச்சரித்தது இதற்காகத்தான்.

சரக்கின் தூய்மையும் இதில் அடங்கும். சந்தைகளை மேற்பார்வையிட்ட 'முஹ்தஸிப்' அதிகாரிகளுக்காக எழுதப்பட்ட நூல்களில், மருந்து விற்போர் செய்யும் கலப்படங்கள் தனித்தனியே விவரிக்கப்பட்டுள்ளன. புளியில் வேறொரு பழத்தின் சதையைக் கலப்பதும் அவற்றுள் ஒன்று. அந்த அதிகாரியின் தேவை இன்றும் குறையவில்லை. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் தெற்காசியாவிலிருந்து வந்த 70 மூலிகைத் தயாரிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 14-ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது தெரிய வந்தது.

சர்ப்பகந்தி காட்டிய வழி

பழைய மருந்தைப் புதிய அறிவால் சோதிக்கத் துணிந்தோர் நம்மிடையே தோன்றாமல் இல்லை. சென்னை அரசாங்கம் 1921-ல் நாட்டு வைத்திய முறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான். பின்னர் 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். குழுவின் அறிக்கை 1923-ல் வந்தது. அதன் பயனாக 1925-ல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பித்தது. சென்னையில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தனியே உருவானது 1979-ல்.

அதே 1921-ல், டில்லியில் ஹகீம் அஜ்மல் கான் உருவாக்கிய திப்பியா கல்லூரியை காந்தியடிகள் திறந்து வைத்தார். நாட்டு மருந்துகளை வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்பது ஹகீம் சாஹிபின் விருப்பம். 1927-ல் அவர் மறைந்தார். ஜெர்மனியில் பயின்று வந்த இளைஞர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி, அவர் விருப்பத்தை ஏற்று, சர்ப்பகந்தி வேரை ஆராயத் தொடங்கினார். வட இந்தியாவில் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே மக்கள் அழைத்த வேர் அது. யூனானியில் அதன் பெயர் அஸ்ரோல். 1931-ல் ஸித்தீகி அவ்வேரிலிருந்து சில உட்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம் ஆசானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அது இன்று இதயத் துடிப்பின் ஒழுங்கை ஆராயும் மருத்துவர்களுக்குப் பயன்படுகிறது.

அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அந்த வேர் பயன்படுவதை எழுதினர். 1952-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதிலிருந்து 'ரெசர்பின்' என்ற பொருளைப் பிரித்தனர். 1954-ல் அமெரிக்க மருத்துவர் நேதன் கிளைன், மனநோயாளருக்கு அது தரும் பயனை வெளியிட்டார். ஆயின் ரெசர்பின் உண்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானதாகவும் செய்திகள் வந்தன. பின்னர் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. வேரில் உண்மையான ஆற்றல் இருந்தது. ஆற்றல் உள்ள எதற்கும் தீங்கு செய்யவும் இயலும் என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது.

இன்றைய ஆய்வுகளும் இதையே கூறுகின்றன. மிதமான மனச்சோர்வுக்குக் குங்குமப்பூ ஓரளவு உதவுவதாக, ஈரானில் நடந்த சிறிய சோதனைகள் சில தெரிவிக்கின்றன. மேனாட்டில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என வழங்கும் மஞ்சள் பூச்செடியும் இவ்வாறே பயன் தருகிறது. ஆயின் அது இரத்தம் உறைதலைத் தடுக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை முதலிய பலவற்றின் வலிமையைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரையோடு சேர்ந்தால் பேராபத்தும் விளையலாம். ஆகவே எந்த மூலிகையை உண்டாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம், உணவு மறுத்தல், இல்லாத குரல் கேட்டல் ஆகியவை தோன்றினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஏர்வாடி கேட்கும் கேள்வி

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளரை வைத்துத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கூரை எரிந்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் கருகி மாண்டனர். பல சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் நம்பி விட்டுச் சென்ற மக்கள் அவர்கள். அதன்பின் அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

டமாஸ்கஸில் இப்னு ஜுபைர் கண்ட சங்கிலிக்கும் ஏர்வாடிச் சங்கிலிக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று இல்லாத மருந்து இன்று உண்டு. அன்றிருந்த பதிவேடும், அதிகாலை வந்து பார்க்கும் மருத்துவரும் அந்தக் காப்பகத்து மக்களுக்கு வாய்க்கவில்லை. ஃபெஸ் நகரத்தில் மருந்து போய்ச் சங்கிலி எஞ்சிய அதே கதை, நம் கண் முன்னே நம் கடற்கரையில் நிகழ்ந்தது.

துஆவை நாடுவது பிழையென்று நாம் சொல்லவில்லை. இறைநேசர்களின் அடக்கத்தலங்களில் அமைதி தேடி வருவோரின் உள்ளத்தைப் புண்படுத்துவதும் நம் நோக்கமன்று. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபியர் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை தவிர எந்த நோயையும் மருந்தின்றி இறைவன் வைக்கவில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். துஆவும் தவாவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. குஜராத்தின் உனாவா தர்காவில் மனநல மருத்துவர்கள் அமர்ந்து, துஆ செய்ய வந்தோர்க்குத் தவாவும் அளிக்கும் முறை தொடங்கப்பட்டது. ஏர்வாடியிலும் பின்னர் அம்முறை கொண்டுவரப்பட்டது. இது புதுமை போலத் தோன்றினாலும், பீமாரிஸ்தான்களை எழுப்பிய மரபின் தொடர்ச்சியே ஆகும்.

நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் செய்யக்கூடியவை பல. உள்ளம் சோர்ந்தவரை ஊரார் கண்ணிலிருந்து மறைக்காமல், அல்-பல்கீ சொன்னவாறு மனிதரோடு கலந்திருக்கச் செய்யலாம். துக்க வீட்டுக்குச் சென்று திரும்புவோர், கூட்டம் கலைந்தபின் அந்த வீட்டாரோடு அமர்ந்து கஞ்சியூட்டும் ஸுன்னத்தை நினைவு கூரலாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு என்பதை ஜும்ஆ மேடையில் அறிவிக்கலாம். வக்ஃபு வருவாயில் ஒரு சிறு பங்கை ஏழை நோயாளியின் மருந்துக்கு ஒதுக்கலாம். அத்தகைய வக்ஃபுகளே டமாஸ்கஸையும் கெய்ரோவையும் எதிர்னேயையும் உருவாக்கின.

கருஞ்சீரகமும் தேனும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை நமக்குத் தந்த முன்னோர் உடன் வைத்திருந்த அளவுகோலையும் பதிவேட்டையும் இரக்கத்தையும் மீட்டெடுப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். அதற்கான தெளிவையும் துணிவையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!